வேண்டாம் என்று சொல்ல ஒரு மூக்கு

மார்ச் 4, செவ்வாய்

கேன்டீனிலிருந்து வந்த இரண்டு டிரே சோற்றை இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்த உடனே தெரிந்துவிட்டது. டாக்ஸித் தம்பிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பாவம், ஊரின் அந்தக் கோடியிலிருந்து வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்தவர்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா, நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு வண்டிக்குள்ள பெட்ரோல் வாடையே தெரியாது. சோத்து வாடை தெரியப்போகுதா?" என்றேன். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எங்கள் கூடம் முன்பு டயர் கடையாக இருந்த இடம். எத்தனை முறை கழுவினாலும் மழை நாளில் தரையிலிருந்து ரப்பர் வாடை கிளம்பும். இரண்டு எவர்சில்வர் மேஜை, ஒரு பெரிய குளிர்பெட்டி, ஒரு குழாய். சொத்து அவ்வளவுதான். மண்டபம், ஹோட்டல், பேக்கரி என்று எங்கே சமைத்தது மிஞ்சினாலும் தம்பி போய் எடுத்து வருவார், பசித்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். யாரும் கை வைக்காத சாப்பாடு மட்டும்தான், தட்டில் மிஞ்சியது கிடையாது. கூடத்தைத் தொடங்கிய நர்ஸம்மா, ஆஸ்பத்திரி வார்டிலேயே வயதைக் கழித்தவர், சூடு காட்டும் கம்பியைச் சாப்பாட்டில் குத்திப் பார்ப்பார், எப்போது சமைத்தது என்று கேட்பார். கடைசியில் நான் முகர்ந்து பார்ப்பேன். நான் "போகலாம்" என்றால்தான் வண்டி கிளம்பும். அதனால் எல்லோருக்கும் நான் மூக்கக்கா. கோபமும் எனக்கு மூக்குக்கு மேல்தான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர், லாபம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்த சலவைக் கடையையும் அப்போதுதான் இழுத்து மூடினார்கள். மாதக்கணக்காக எங்கள் வாசலுக்குச் சாப்பாடு இந்தக் கூடத்திலிருந்துதான் வந்தது. தம்பி பையை வைப்பார், கதவைத் தட்டுவார், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். நான் கதவைத் திறந்தால் அவர் முதுகுதான் தெரியும். பிற்பாடு கேட்டேன், ஒரு நாள்கூட ஏன் நிற்கவில்லை என்று. "நின்னா நீங்க நன்றி சொல்லணும்லக்கா. பசிச்ச வயித்துக்கு எதுக்கு அந்த வேலை வேற?" என்றார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்தால் மட்டும் போதுமா? திருப்பிக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது, படிப்பா, காசா? ஒரு மூக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்களே, அதற்கே நான் கும்பிட வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

காய்ச்சல். எழுத முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடக்கிறது.

அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எதையோ யோசித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. உள்ளே மின்விசிறியைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்த அவர் கத்துகிறார்: "ஏம்மா, பால் தீயுது, தூங்கிட்டியா?" குனிந்து பார்த்தால் பாத்திரத்தின் அடி கருகிக் கிடக்கிறது, புகைகூட வருகிறது. எனக்கு ஒன்றுமே வரவில்லை. சோப்பை எடுத்து மூக்கில் வைத்தேன். இல்லை. பூண்டை நசுக்கினேன். இல்லை. அவர் வேலை செய்யும் மண்ணெண்ணெய்த் துணியை முகத்தில் அப்பிக்கொண்டேன் — ஒன்றும் இல்லை, ஈரத் துணி, அவ்வளவுதான்.

சளிதான். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

மார்ச் 13, வியாழன்

சரியாகவில்லை.

கூடத்துக்குப் போனேன். நர்ஸம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இளைச்சுப் போயிட்டியேடி" என்று சொல்லி, பேக்கரியிலிருந்து வந்த நல்ல ரொட்டி ஒன்றை என் பைக்குள் திணித்தார். தம்பி, "அக்கா இல்லாம இங்க எல்லாரும் மூக்கில்லாத சூர்ப்பனகையா இருந்தோம்" என்று ஜோக் அடித்தார். நான் சிரித்தேன்.

இன்று வந்தது ரொட்டியும் வேகவைத்த முட்டையும்தான். கண்ணாலேயே பார்த்துச் சொல்லக்கூடியவை. தப்பித்தேன்.

மார்ச் 15, சனி

டாக்டர் வெளிச்சம் அடித்து மூக்குக்குள் பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படிப் போகுமாம். சில வாரத்தில் வரலாம், சில மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம். சாமி வரம் கொடுக்கிற மாதிரி மூன்றையும் ஒரே முகத்தோடு சொன்னார்.

வீட்டுக்காரர், "கூடத்துல சொல்லிடு" என்கிறார்.

"சொன்னா?"

"வேற வேலை குடுப்பாங்க."

"என்ன வேலை? குனிஞ்சு பாத்திரம் கழுவ என் இடுப்பு விடாது. கணக்கு எழுத எனக்கு வராது. வண்டி ஓட்டத் தெரியாது. சும்மா உக்கார வச்சு டீ குடுப்பாங்க. அதுக்கு நான் வீட்லயே உக்காரலாம்."

"மூக்கு போனா என்ன, மூக்குத்தி போட இடம் இருக்குல்ல" என்றார். அடிக்கப் போனேன்.

மார்ச் 19, புதன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அதுவும் சோற்றுக் கூடத்திலேயே.

வித்தை எல்லாம் செய்கிறேன். ஓரத்தில் நுரை கட்டியிருக்கிறதா, தொட்டால் நூல் மாதிரி இழுக்கிறதா என்று பார்க்கிறேன். "தம்பி, உங்க மூக்கைப் பழக்கலாம், இங்க வாங்க" என்று விளையாட்டாகக் கூப்பிட்டு அவரை முகர வைக்கிறேன். அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, மனிதர் அப்படி.

இன்று ஹோட்டலிலிருந்து நான்கு டிரே பருப்பும் சோறும் வந்தன. ஒன்றும் தெரியவில்லை. பயம் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கூடத்தில் வேண்டாம் என்றால் விவாதம் கிடையாது, யார் சொன்னாலும் கொட்டிவிட வேண்டும். பின்புற டிரம்மில் கொட்டும்போது தெருமுனைத் தையற்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கமகமன்னு இருக்கு, அதைப் போய்க் கொட்றீங்க?" என்று கேட்டார்.

நல்ல சோறு. நல்ல சோற்றை என் கையால் கொட்டினேன்.

சாயங்காலம் ரயில்வே பாலத்துக்குக் கீழே சோறு பாதியிலேயே தீர்ந்துபோயிற்றாம். பின்னால் நின்றவர்களுக்கு ரொட்டி மட்டும் கொடுத்தார்களாம். தம்பி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

மண்டபத்திலிருந்து தக்காளி சூப், பால் ஏடு சேர்த்துச் செய்தது, பெரிய அண்டா நிறைய. சுடச்சுட வந்தது. நர்ஸம்மா கம்பியைப் போட்டார், நல்ல சூடு. நான் குனிந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ஆவி மட்டும்தான். ஒரு கரண்டி வாயில் விட்டேன். நாக்கில் எங்கோ தூரத்தில் ஒரு புளிப்பு. தக்காளி புளிக்காமல் இனிக்கவா செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை கொட்டிய சோறு கண்முன்னால் வந்தது. இன்றைக்கும் சந்தேகப்பட்டுக் கொட்டினால் வீடில்லாத பெண்கள் தங்கும் விடுதிக்கு ராத்திரிச் சாப்பாடு இல்லை.

"போகலாம்" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

எப்படியாவது எழுதிவிடுகிறேன்.

சூப் ஊசிப்போயிருந்தது.

விடுதியில் எல்லோரும் கிண்ணத்தோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், நாலாம் மாசம், அண்டாவைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாளாம். "இது சரியில்ல, யாரும் குடிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். வார்டன் எல்லோர் கிண்ணத்தையும் வாங்கிக் கீழே கொட்டியிருக்கிறார். ஒருவர் மட்டும் அதற்குள் பாதிக் கிண்ணம் குடித்துவிட்டார். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துப் பிழைக்கிற வயசான அம்மா, பொத்தானம்மா என்பார்கள். காலையிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். நர்ஸம்மா அங்கேயே இருக்கிறார்.

கடவுளே. அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. என்ன வேணா எடுத்துக்கோ. மூக்கு மட்டும் இல்ல, எதை வேணா எடுத்துக்கோ.

மார்ச் 24, திங்கள்

பொத்தானம்மா இன்று கஞ்சி குடித்தாராம். உட்கார்ந்து பேசுகிறாராம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. யார் தலைப்பாகை?

கூடத்தில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம். இனி எங்கள் சாப்பாடு தற்போதைக்கு வேண்டாம் என்று விடுதி சொல்லிவிட்டது. நர்ஸம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கம்பி சரியாகக் காட்டியது. "அக்கா பாத்தா, அக்கா சரின்னா. அவ மூக்கு தப்பாது. அப்ப வண்டியிலதான் கெட்டிருக்கணும்." எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. "வழியில டயர் காத்து இறங்கிடுச்சும்மா. வண்டியை வெயில்ல நிறுத்தி மாத்தினேன். அந்த நேரத்துல ஆகியிருக்கும். என் தப்புதான்" என்றார். அப்புறம் சாவிக்கொத்திலிருந்து கூடத்துச் சாவியைத் தனியாகக் கழற்றி மேஜையில் வைத்தார். "கொஞ்ச நாளைக்கு வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க. என்னால அந்தம்மா முகத்தைப் பாக்க முடியல."

நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மனுஷன் சாவியை வைக்கிறான், நான் மரம் மாதிரி நிக்கிறேன். வாய் வரலை. எனக்கு! எனக்கு வாய் வரலை!

மார்ச் 25, செவ்வாய்

நேற்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நமக்கு ஒரு நாளும் முகத்தைக் காட்டாம சோறு வச்சுட்டுப் போனாரு. அவரைக் காட்டிக் குடுத்துட்டு உன்னால சாப்பிட முடியுமா?" என்று மட்டும் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் நேராக நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டார், நான் போகவில்லை, படியிலேயே நின்று சொன்னேன். மூக்கு செத்துவிட்டது, நாக்கும் அரைகுறை, டாக்டர் சொன்னது, புதன்கிழமை கொட்டிய நல்ல சோறு, சனிக்கிழமை சூப், எல்லாம்.

அவர் குழாயை மூடினார். முதலில் கேட்டது என்ன தெரியுமா? "தலைவலி இருக்கா? மயக்கம் வருதா? பெரிய டாக்டரைப் பாத்தியா?"

"அதெல்லாம் இல்ல."

"சரி." அப்புறம்தான் குரல் மாறியது. "மூக்கு போனது உன் தப்பில்ல. வாயை மூடிக்கிட்டு இருந்தே பாரு, அது தப்பு. அந்தம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"தெரியும்மா."

"தெரியாது உனக்கு. நான் வார்டுல பாத்திருக்கேன்." செடியிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். "என் மேலயும் தப்பிருக்கு. ஒரே ஒரு மூக்கை நம்பி இத்தனை வயித்தைக் கட்டித் தொங்கவிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

இனி நான் வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். "எங்க போற? தம்பி வீட்டுக்குப் போகணும், செருப்பை மாட்டிக்கிறேன், நில்லு" என்றார்.

தம்பி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லத் துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். திட்டுங்க தம்பி, நாலு வார்த்தை திட்டுங்க என்றேன். "அதான் என்னை மோந்து பாக்கச் சொன்னீங்களா? நான் உண்மையிலேயே எனக்கு டிரெயினிங்னு நெனச்சேன்க்கா" என்றார். அவர் குரல் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரெண்டு ராத்திரி தூங்கலைக்கா நான்" என்றார். அதுதான் அடி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாவியை நர்ஸம்மாவே அவர் சட்டைப்பையில் போட்டார்.

மார்ச் 26, புதன்

சுடச்சுட வந்த சூப் எப்படி ஊசியிருக்கும்? வண்டி கிளம்பும் முன்பே என் நாக்கில் புளித்ததே; தம்பியின் டயர் இல்லை, வேறு என்ன? மண்டபத்துக்குப் போய்க் கேட்கப்போகிறேன் என்றேன். நர்ஸம்மா, "போன்ல நாலு தடவை கேட்டாச்சு, அன்னிக்குச் செஞ்சதுதான்னு சாதிக்கிறாரு" என்றார்.

நேரிலேயே போனேன். தலைமைச் சமையல்காரர், ஆள் பீப்பாய் மாதிரி, பயங்கர பிஸியாக வெங்காயத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடவில்லை. அவருக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் மோந்து பாத்து விட்ட சூப்பு அது. எனக்கு மூக்கு போச்சு, நான் ஒத்துக்கிட்டேன். வாந்தியெடுத்த அம்மாவைப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க, சேர்ந்தே போலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் வெங்காயம் எண்ணினார். அப்புறம், "முந்தின நாள் மிச்சம்க்கா. வீணாப் போகுதேன்னு கொதிக்க வச்சுக் குடுத்துட்டேன். சூடு பண்ணினா சரியாயிடும்னு நெனச்சேன்" என்றார். கம்பிக்கு என்ன தெரியும்? சூடு எத்தனை என்றுதான் சொல்லும், எத்தனையாவது சூடு என்று சொல்லாது.

கோபம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் வீணாகப் போகக் கூடாது என்றுதானே அவரும் செய்தார், நானும் அதற்குத்தானே போகலாம் என்றேன். இரண்டு பேரும் ஒரே ஆசையில் ஒரு கிழவியைப் படுக்க வைத்தோம்.

மார்ச் 27, வியாழன்

விடுதி. சமையல்காரர் வரவில்லை, ஒரு பை நிறையப் பழம் கொடுத்துவிட்டார். நர்ஸம்மாவும் நானும் போனோம்.

பொத்தானம்மா கட்டிலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிடுங்கம்மா என்று கையைப் பிடித்தேன். "லேசா ஒரு மாதிரிதான் இருந்துச்சு. சூடா இருந்துச்சும்மா. சூடா இருக்கேன்னு குடிச்சிட்டேன்" என்றார். என் கையைத் தட்டிக் கொடுத்தார். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஜன்னலோரம் நின்றிருந்தாள். சின்னப் பெண்தான். ஒரு பையோடு வீட்டை விட்டு வந்தவள் என்று வார்டன் முன்பே சொல்லியிருந்தார். நன்றி சொல்லலாம் என்று பக்கத்தில் போனால், திட்டத்தான் வருகிறேன் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் குறை சொல்லணும்னு சொல்லலை. எனக்கு இப்ப சோப்பு நாத்தம்கூட ஆகல. அண்டாவைத் திறந்ததுமே தெரிஞ்சுச்சு. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே நின்னேன். குறை சொன்னா நாளைக்குச் சோறு வராதுன்னு பயம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்கல்ல. யோசிச்சுட்டு நின்னதுல அந்தம்மா குடிச்சிட்டாங்க."

எங்கள் வீட்டு வாசலுக்குப் பை வந்த காலத்தில் ஒரு நாள் பாலில் லேசாக வாடை. இதே மூக்குத்தான், அப்போது நன்றாக வேலை செய்த மூக்கு. இலவசமாக வந்ததைக் குறை சொல்வதா என்று காய்ச்சிக் குடித்துவிட்டோம். வயிறு தாங்கியது. இந்தப் பெண்ணோ, நாளைய சோறு போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்திருக்கிறாள்.

"மாட்டைப் பாக்காட்டியும் பரவால்ல. சோத்தைப் பாத்தே ஆகணும்" என்றேன். "உன்னாலதான் முப்பது பேரு பொழைச்சாங்க. நாளைக்கும் சோறு வரும். நாத்தம் அடிச்சா நாளைக்கும் சொல்லு."

திரும்பி வரும்போது நர்ஸம்மாவும் நானும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே யோசனை.

ஏப்ரல் 2, புதன்

அந்தப் பெண் எங்களோடு சேர வந்துவிட்டாள். விடுதியிலிருந்து கூடத்துக்கு நடந்தே வரும் தூரம்தான். வார்டன் முதலில் முறைத்தார், "எங்க பொண்ணு மோந்து பாத்து அனுப்புறதுன்னா நாங்க வாங்கிக்கிறோம்" என்று அப்புறம் அவரே சொன்னார். விடுதிக்குச் சாப்பாடு மறுபடி போகிறது. அப்பாடா.

இனி கூடத்தில் ஒரு மூக்கு இல்லை, இரண்டு. அவள் பார்த்த பிறகு நர்ஸம்மாவும் பார்ப்பார். இரண்டு பேரும் சரி என்றால்தான் வண்டி.

நான்? நான் பாட்டுக்கு ஓரமாக மூடிகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நர்ஸம்மா வந்து துணியைப் பிடுங்கினார். "மண்டபத்துக்காரர் வாயிலேர்ந்து உண்மையைப் புடுங்கிட்டு வந்தே பாரு, நான் நாலு போன் பண்ணியும் வராதது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நாளையிலேர்ந்து தம்பியோட வண்டியில ஏறு. எப்ப சமைச்சாங்க, எத்தனை தடவை சூடு பண்ணாங்கன்னு அடுப்படியிலேயே நின்னு கேட்டு வாங்கிட்டு வா. புது இடமும் புடி."

"என்னை மறுபடி நம்பறீங்களாம்மா?"

"உன் மூக்கை நம்பல. உன்னை நம்பறேன்."

இதை எழுதும்போதுகூட எழுத்து கலங்குகிறது.

ஏப்ரல் 9, புதன்

தம்பியோடு ஒரு வாரம். முதல் நாள் இரண்டு பேரும் பேசவே இல்லை. இன்று சிக்னலில் நிற்கும்போது, "அக்கா, என் மூக்கு டிரெயினிங் எப்ப முடியும்?" என்று கேட்டார். வண்டி குலுங்கச் சிரித்தோம். மனசிலிருந்து ஒரு கல் இறங்கிற்று. இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்துவிட முடியும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

அந்தப் பெண் நன்றாகப் பார்க்கிறாள், என்னைவிட நன்றாக. ஆனால் ஒரு வேண்டாம் சொல்வதற்குள் பத்து மன்னிப்பு. "தப்பா நினைக்காதீங்க, எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதோ என்னமோ, கோச்சுக்காதீங்க..." கொண்டு வந்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறாள். முகம் சுருங்கினால் அவள் குரல் உள்ளே போய்விடுகிறது. நேற்று தானே கொண்டு வந்த ஒரு ஹோட்டல்காரர், "நல்ல சாப்பாடும்மா இது" என்று அதட்டியதும் பாதியில் நிறுத்திவிட்டாள். நர்ஸம்மா பார்த்துக் கொட்டச் சொன்னார்.

இவளை இப்படிப் பேசப் பழக்கியது யார் என்று கேட்கவில்லை. பையோடு வந்தாள் என்றால் தெரியாதா?

மே 6, செவ்வாய்

புது பேக்கரி பிடித்தேன்! முதலாளி மூன்று முறை விரட்டினார், நாலாவது முறை போனேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். "நீங்க விடமாட்டீங்களா?" என்றார். "கடையை மூடினப்புறம் கேக்கை எங்க போடறீங்க?" என்றேன். "குப்பையில." "அந்தக் குப்பைக்கு நான் போட்டி" என்றேன். சிரித்துவிட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் வாய்க்கு இத்தனை நாளா நான் மட்டும் ஆளா இருந்தேன். இப்ப ஊரே பங்கு போட்டுக்குது, நல்லாயிருக்கணும் அவங்க" என்றார்.

மே 25, ஞாயிறு

மூக்கு இன்னும் வரவில்லை. இன்று அதைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 12, வியாழன்

மண்டபத்தில் பெரிய விருந்து, விருந்தாளிகளில் பாதிப் பேர் மழையால் வரவில்லை. சமையல்காரரே போன் செய்தார். நான் அடுப்படியிலேயே நின்று கேட்டு, என் கண்முன்னாலேயே இறக்க வைத்து, ஆறு டிரே கோழியும் சோறும் வாங்கினேன். மழையில் நனைந்துகொண்டே நானும் தம்பியும் தூக்கி வந்தோம். உள்ளே நுழையும்போதே, "வழி விடுங்க, ராஜ விருந்து வருது!" என்று கத்தினேன். அவ்வளவு பெருமை.

அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாசம். வயிறு மேஜையில் இடிக்காமல் பக்கவாட்டில் நின்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஐந்து டிரேக்குத் தலையாட்டினாள். ஆறாவதைத் திறந்தாள், மூடினாள்.

"இது வேணாம்க்கா."

"என்ன வேணாம்? என் கண்ணு முன்னாலதான் இறக்குனாங்க!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நனைந்த எரிச்சல் வேறு. தம்பி கையில் வைத்திருந்த மூடியோடு அப்படியே நின்றுவிட்டார். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள்.

"நீங்க கொண்டாந்தா மட்டும் ஊசாதாக்கா?"

ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு தப்பா நினைக்காதீங்க இல்லை. கை இடுப்பில். சொல்லிவிட்டு என்னைக் கடந்து ரொட்டிக் கூடையைத் திறக்கப் போய்விட்டாள்.

நான் அந்த டிரேயைத் தூக்கினேன். கனமாக இருந்தது. இறக்கியதைத்தான் நான் பார்த்தேன், அடுப்பில் ஏற்றும் முன் கோழி எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை. பின்பக்கம் கொண்டு போய் டிரம்மில் முழுசாகக் கொட்டினேன். மழையில் நின்று சிரித்தேன், கண்ணில் வந்தது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, ஐந்து டிரேயையும் வண்டியில் ஏற்றினேன்.